ராஜவேலின் பருப்பு

எங்கள் வார்டு குடிதண்ணீரில் கால்சியம் கலக்கக் கூடாது என்று நான் போராட்டத்தில் குதித்தேன். கால்சியத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. பகையெல்லாம் ராஜவேல் மேல்தான்.

ராஜவேல் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். என் மனைவி சந்திரலேகாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். நாங்கள் இருப்பது கடலூர் முதுநகர். துறைமுகத்துக்குப் போகிற வழியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. என் பெயர் இளவரசு. பெயரில் மட்டும்தான்.

எங்கள் தெருமுனைச் சுத்திகரிப்புத் தண்ணீர் நிலையத்தை மகளிர் குழு நடத்துகிறது. குழுவுக்குச் செயலாளர் சந்திரலேகா. அந்த மெஷின் உப்பை எடுக்கும்போது நல்ல சத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறதாம். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அளவோடு திருப்பிக் கலந்தால் எலும்புக்கு நல்லதாம். இதை வார்டு ஜனங்களுக்கு விளக்கிச் சொல்லத்தான் அவள் ராஜவேலை வரவழைத்தாள்.

வந்தான். வந்தவன் ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளி டம்ளர் உண்டு. மாமனார் சீராகக் கொடுத்தது. தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு அதில் காபி வரும். ராஜவேலுக்கு அதில் பச்சைத் தண்ணீரே வந்தது. அதைக் குடித்துவிட்டு, "தேங்க்ஸ் லேகா" என்றான். சந்திரலேகா என்ற முழுப் பெயரையும் ஊரைக் கூட்டித் தாலி கட்டி வாங்கியவன் நான். இவன் பஸ்ஸில் வந்து இறங்கி, பாதியை வெட்டி எடுத்துக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, திகுதிகுவென்று எரிந்தது.

போதாததற்கு அவன் வள்ளலார் வழி. மாதம் தவறாமல் வடலூருக்குப் போகிறவன். மீன், கறி தொடமாட்டான். அவனுக்காக எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் நின்றுபோனது.

"முதுநகர்ல ஞாயித்துக்கிழமை மீன் வாங்காத வீடு நம்மளது ஒண்ணுதான் சந்திரா."

"வர்றவரு சாப்பிடமாட்டாரு. அவரு வர்ற நேரத்துல வாசம் வேணாமேன்னு பாக்குறேன்."

"எனக்கு முட்டி வலிச்சப்ப இந்தக் கால்சியத்தை நீ ஞாபகம் வெச்சுக்கல."

"மாத்திரை வாங்கியாந்து குடுத்தேன். அட்டையோட அப்படியே கெடக்குது மாமா."

"மாத்திரைன்னா நானா பாத்து முழுங்குறது. இது என்னைக் கேக்காம என் வாயில ஊத்துறது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இதைக் கூட்டத்துல கேளுங்க. நல்ல கேள்வி."

கேட்டேன். தண்ணீர் நிலையத்து வாசலில், கவுன்சிலர் தில்லையம்மாள் முன்னிலையில், எழுந்து நின்று கேட்டேன். "எல்லாரு தண்ணியிலயும் கலந்துட்டா, வேணாங்கறவன் எங்க போவான்? அளவு தப்பிச்சுன்னா யாரு பாப்பாங்க?"

சந்திரலேகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது. நான் அந்தப் பார்வையைப் பத்திரமாக வாங்கிக்கொள்வதற்குள் ராஜவேல் எழுந்துவிட்டான்.

"சார் கேட்டதுதான் இன்னிக்கு வந்த கேள்வியிலயே முக்கியமானது. லேகா, இதுக்கு நாம உக்காந்து யோசிக்கணும்."

பார்வை அவன் பக்கம் திரும்பிவிட்டது. கேள்வி என்னுடையது, உட்கார்ந்து யோசிப்பது மட்டும் அவர்கள் இருவருமா? அன்றே முடிவு செய்தேன். இந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கால்சியம்கூட விழாது. ராஜவேல் அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போய்ச் சேர்ந்து அங்கேயே இருப்பான்.

பக்கத்து வீட்டு லூர்துசாமியிடம் யோசனை கேட்டேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மற்றவர் குடும்பத்தில் குழப்பம் என்றால் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவார்.

"மச்சான், நீ எலும்பைப் பத்திப் பேசாத. எலும்பு உள்ள இருக்குது, யாரு பாத்தா? பருப்பைப் பத்திப் பேசு."

"பருப்பா?"

"நம்ம பக்கம் தண்ணி நல்லதா கெட்டதான்னு எதை வெச்சுச் சொல்லுவாங்க? பருப்பு வேவுதா இல்லியா, அதை வெச்சுத்தான். இந்த நெலையம் வர்றதுக்கு முந்தி உன் பொண்டாட்டி எப்படிப் பருப்பு வேக வெச்சாங்க?"

"போர் தண்ணியில எங்க வெந்துச்சு? ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டாத்தான் மசியும்."

"அந்தத் தண்ணியில இருந்தது என்னா?"

"கால்சியம்" என்றேன். சொன்னதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்தேன். "கால்சியம் கலந்தா இனிமே உங்க வீட்டுப் பருப்பு வேகாது. பழையபடி சோடாப் பொட்டலம் தேடி அலையணும்." பெண்கள் பக்கம் பெரிய சலசலப்பு. மெக்னீசியத்துக்குத் தலையாட்டியவர்கள் எல்லோரும் பருப்பு என்றதும் என் பக்கம் சாய்ந்தார்கள்.

தில்லையம்மாள் கையை உயர்த்தினார். "வாய்ப்பேச்சு எதுக்கு? ரெண்டு அடுப்பு வெச்சு வேக வெச்சுப் பாத்துருவோம். வர்ற ஞாயித்துக்கிழமை."

நான் ராஜவேலைப் பார்த்துச் சொன்னேன். "தம்பி, உங்க பருப்பு இங்க வேகாது."

"ஆமா சார், அதைத்தான் பாக்கணும்" என்றான் அவன், கொஞ்சம்கூடக் கோபப்படாமல். கோபப்படாத எதிரியோடு எப்படிச் சண்டை போடுவது?

விதிகள் எழுதாமலே முடிவாயின. ஒரே கடைப் பருப்பு, ஒரே அளவுப் பாத்திரம். மஞ்சள் தூள்கூடச் சேர்க்கக் கூடாது. ஒன்றில் இப்போதைய தண்ணீர், மற்றதில் ராஜவேல் கலந்து கொண்டுவரும் தண்ணீர். யாரும் தில்லுமுல்லு செய்யாமல் இருக்க அவன் பாத்திரத்தை நானும், என் பாத்திரத்தை அவனும் கிண்ட வேண்டும்.

இந்தக் கடைசி விதியைக் கேட்டதும்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஒரு சமயம் சந்திரலேகா காய்ச்சலாகப் படுத்திருந்தபோது நான் சாம்பார் வைத்தேன். பருப்பையும் புளியையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். சாயங்காலம் வரை பருப்பு கூழாங்கல்லாகவே கிடந்தது. "புளி பட்டா பருப்பு எங்க மாமா வேகும்?" என்று அவள் படுத்த படுக்கையில் சிரித்தாள். அந்த அவமானம் இப்போது எனக்கு ஆயுதமாகிவிட்டது.

ஞாயிறு காலை அவள் நிலையத்தைத் திறந்துவிட்டு வரப் போயிருந்தாள். ஜாடியிலிருந்து ஒரு பெரிய உருண்டை புளியை எடுத்துக் கெட்டியாகக் கரைத்து, ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி மூடினேன். வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால் சந்திரலேகா கிளிப்பச்சைப் புடவையில் நின்றாள். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற புடவை. பருப்பு வேகவைக்கிற கூட்டத்துக்கு எதற்கு அந்தப் புடவை? நெஞ்சில் முள் குத்தியது. வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

"பாட்டில் எதுக்கு மாமா?"

"அடுப்புக்கிட்ட நிக்கணும். தாகம் எடுக்கும்."

"ஆமா, எடுக்கும்" என்று பாட்டிலை அவளே என் கையில் கொடுத்தாள்.

தெருவே கூடியிருந்தது. டீக்கடையிலிருந்து இரண்டு கேஸ் அடுப்பு வந்தது. நான் ராஜவேலின் பாத்திரத்துக்கு முன்னால் கரண்டியோடு நின்றேன். கொதி வந்ததும், பேசி வைத்திருந்தபடி லூர்துசாமிக்குக் கண் காட்டினேன். அவர் உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் அவரைச் சூழ்ந்தது. ராஜவேல்கூட என் பாத்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். நான் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி பாட்டிலைக் கவிழ்த்தேன். மஞ்சள் நுரை பொங்கி வழிந்தது. புளி வேலை செய்கிறது என்று பூரித்துப் போனேன்.

லூர்துசாமி எழுந்து, "வாயுத் தொல்லைதான்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் தில்லையம்மாள் கரண்டியோடு வந்தார். முதலில் என் தண்ணீரில் வெந்த பருப்பு. எடுத்து அழுத்தினார். "இன்னும் முழுசா வேகல." பிறகு ராஜவேலுடையது. கரண்டியில் பருப்பே நிற்கவில்லை. கூழாக வழிந்தது.

நான் குனிந்து பார்த்தேன். வெண்ணெயாட்டம் மசிந்து கிடந்தது.

பெண்கள் கை தட்டினார்கள். கை தட்டாத ஒரே ஆள், என்னைத் தவிர, ராஜவேல்.

"இது நடக்கவே கூடாது மேடம்" என்றான் தில்லையம்மாளிடம். "கால்சியம் சேர்ந்தா பருப்பு கொஞ்சம் லேட்டாத்தான் வேகும். சார் சொன்னது உண்மை. நான் தோக்கத்தான் வந்தேன். கொஞ்சமாத்தான் தோப்பேன், அதுக்காக எலும்பை விட்டுற வேணாம்னு சொல்லலாம்னு இருந்தேன்."

சும்மா நின்றிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். இதை அவன் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது.

அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கண்ணால் பார்த்த பருப்புக்கு மேல் என்ன சாட்சி? கைகள் உயர்ந்தன. கலக்கலாம் என்று முடிவானது. அப்போது சந்திரலேகா எழுந்தாள்.

"தெனமும் எவ்வளவு கலக்குறோம்னு போர்டுல எழுதணும். கலக்காத குழாய் ஒண்ணு தனியா இருக்கணும். வேணாங்கறவங்க எங்க போவாங்கன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரே, அதுக்கு இதுதான் பதில்."

அதற்கும் கை தட்டினார்கள். வீட்டுக்கு நடக்கும்போது அவள் மெல்லச் சொன்னாள். "அந்தக் கேள்வியை மட்டும் விடாம புடிச்சிருந்தீங்கன்னா, இன்னிக்கு ஊரே உங்களைத் தூக்கி வெச்சிருக்கும் மாமா. இந்தப் புடவையே அந்தக் கேள்விக்காகத்தான் கட்டுனேன்."

நான் காலி பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

மதியம் ராஜவேல் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். அன்று ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது. அவன் வெள்ளி டம்ளரில் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"சார், யோசிச்சுப் பாத்துட்டேன். தண்ணி காரணம் இல்ல, பருப்பு காரணம் இல்ல. நீங்க கிண்டுன விதத்துலதான் என்னமோ இருக்குது. ஞாயித்துக்கிழமையில சிதம்பரம் வந்து எங்க லேப்ல அதே மாதிரி கிண்டிக் காட்டுவீங்களா? காரணம் தெரியற வரைக்கும்."

காரணம் எனக்கே தெரியாது. தெரிந்த பாதியையும் சொல்ல முடியாது.

"வருவாரு" என்றாள் சந்திரலேகா. "ஞாயித்துக்கிழமை அவருக்கு வேற என்ன வேலை?"

அடுத்த ஞாயிறு காலை. சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அடுக்களையில் வஞ்சிரம் வறுபட்டுக்கொண்டிருந்தது. லூர்துசாமி வீட்டுக்கும் சேர்த்து வறுக்கிறாளாம். இனி ராஜவேல் இங்கே வரவேண்டிய அவசியம் இல்லை. ஞாயிறுதோறும் நான்தான் அங்கே போகப் போகிறேன். அதனால் வீட்டுக்கு மீன் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மட்டும் அங்கே பருப்பு.

செருப்பை மாட்டும்போது ஸ்டீல் பாட்டிலோடு வாசலுக்கு வந்தாள்.

"இந்த வாரம் எதை ஊத்தட்டும் மாமா? நீங்க கரைச்ச புளியையா, நான் மாத்தி ஊத்துன ஆப்பசோடாவையா?"