ஒற்றைத் தலையணை

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கண்ணாடிக்கடைக்காரர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கவனித்துவிட்டார். மொட்டைமாடிச் சுவரில் மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. பின்னறை மெத்தை. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து யாரும் படுக்காத மெத்தை.

உள்ளே போனார். பின்னறையில் அடைத்து வைத்திருந்த பழைய மூக்குக்கண்ணாடி பிரேம் பெட்டிகள் எல்லாம் கூடத்துக்கு வந்திருந்தன. அங்கே வெறும் கட்டில். கட்டிலின் மேல் ஒரே ஒரு தலையணை, புது உறையோடு.

"சரி, அப்புறம் பேசறேன். அவர் வந்துட்டார்" என்று மனைவி போனை வைத்தாள்.

"யாரு போன்ல?"

"யாருமில்லீங்க. சாப்பிட வாங்க."

"பின்னறையை எதுக்குக் காலி பண்ணினே?"

"சும்மாதான். ஒரே தூசி."

அவருக்குச் சோறு இறங்கவில்லை.

குற்றமெல்லாம் அந்தப் புத்தகத்தின் மேல்தான். கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் படிக்கட்டுமே என்று மனைவி நூலகத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்தது. போர்க்கால உளவைப் பற்றிய தடிப் புத்தகம், முதல் பாகம். எதிரி வாயே திறக்காவிட்டாலும், சின்னச் சின்ன அறிகுறிகளை வைத்து அவன் மனதை ஊகிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக விளக்கியது. ஆஸ்பத்திரிக் கட்டில்களைத் திடீரென்று காலி செய்கிறார்களா? காயம்பட்டவர்கள் வரப்போகிறார்கள். அப்படியென்றால் சண்டை நிச்சயம்.

கட்டில் காலி. தலையணை ஒன்று. வரப்போவது ஒரே ஆள்.

கை கழுவும் சாக்கில் குளியலறையை நோட்டம் விட்டார். மகள் மட்டுமே போடுகிற பச்சை சோப்பு, பிரிக்காமல் மாடத்தில் இருந்தது.

தீர்ந்தது சந்தேகம். மகள் புருஷனை விட்டுவிட்டு வருகிறாள்!

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மாமனாருக்கும் அவனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் சின்னதுதான், ஆனால் அது மாப்பிள்ளையின் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் அவன் புதுக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். எதிர்க்கடையில் வாங்கியது!

அன்று நின்ற பேச்சுதான். மகள் மட்டும் அவ்வப்போது கடைக்கு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவாள். வந்ததிலிருந்து போகிறவரை, புருஷனும் வரமாட்டானா என்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். 'நான் முறைச்சுக்கிட்டது அங்க போய் வெடிச்சிருக்கு' என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

கடைக்குப் போனதும் மகளுக்கு போன் போட்டார்.

"கண்ணு, அங்க எல்லாம் சுமுகமா?"

"சுமுகமாதான்பா இருக்கு. ஏன்?"

"சும்மாதான். பெட்டி கிட்டி ஏதாவது வேணுமா?"

"பெட்டியா? எதுக்குப்பா?"

"துணி வைக்கத்தான்."

"ஆபீஸ்ல மீட்டிங் ஆரம்பிச்சிட்டாங்கப்பா. அப்புறம் பேசறேன்."

புத்தகத்தைப் புரட்டினார். தூதர்கள் 'எல்லாம் சுமுகம்' என்று அறிக்கை விட்டால், அங்கே எதுவும் சுமுகமில்லை என்று பொருளாம்.

அடுத்தது ஒற்றர். கடையில் பில் போடும் அம்மாவுக்கு, மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. விஷயத்தைச் சொல்லி அனுப்பினார். "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு லீவு. ஏதாவது சாக்கு சொல்லிக்கிட்டுப் போ. வாயைத் திறக்காதே, கண்ணை மட்டும் திற."

அந்த அம்மா போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"பார்த்தேன் சார். அவரே உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தார்."

"தனியாவா?"

"பட்டன் தைக்க எத்தனை பேர் சார் வேணும்?"

"அப்புறம்?"

"எனக்கு மனசு கேட்கலை சார். 'கவலைப்படாதீங்க தம்பி, கோவம் தணிஞ்சா வந்துடுவாங்க'ன்னு ரெண்டு வார்த்தை ஆறுதல் சொன்னேன்."

"ஆறுதல் சொல்லவா உன்னை அனுப்பினேன்?"

"அவர் மூஞ்சியே செத்துப்போச்சு சார். உடனே உங்க பொண்ணுக்கு போன் போட்டார். போட்டார், போட்டார், அவங்க எடுக்கவே இல்லை."

கண்ணாடிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். இனி ஒற்றர்கள் உதவ மாட்டார்கள். தூதரே நேரில் போயாக வேண்டும்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். கதவைத் திறந்த மாப்பிள்ளையின் சட்டையில் பாதிப் பட்டன்கள்தான் இருந்தன.

"மாமா! நீங்களா?"

"மாப்பிள்ளை, என் பொண்ணு கொஞ்சம் முன்கோபி. அவ அம்மா மாதிரி. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

"அவ எங்க மாமா? போனே எடுக்க மாட்டேங்கறா!"

"இன்னும் வந்து சேரலை. ஆனா கட்டில் தயாரா இருக்கு."

"கட்டிலா?"

"பின்னறையில. ஒத்தைத் தலையணை."

மாப்பிள்ளை அப்படியே நாற்காலியில் சரிந்தான். "நான் என்ன மாமா தப்பு பண்ணினேன்? நேத்து சாப்பாட்டுல உப்பே இல்லை. அதைக்கூட நான் சொல்லலையே!"

அவன் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். கண்ணாடிக்கடைக்காரரின் கை தானாக நீண்டு அதை வாங்கியது. தூதர் போய்த் தொழில்காரர் வந்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"இடது கண்ணு வில்லையோட மையமே தள்ளிப் போயிருக்கு. இதையா ரெண்டு வருஷமா போட்டிருக்கீங்க? தலை வலிக்குமே!"

"தினமும் வலிக்குது மாமா."

"என்கிட்ட வந்து சொல்லக் கூடாதா?"

"எந்த மூஞ்சியோட வர்றது? உங்க கடையில வாங்கியிருந்தா நீங்க காசு வாங்கியிருக்க மாட்டீங்க. கல்யாணமான புதுசு. மாமனார்கிட்ட எல்லாத்தையும் இனாமா வாங்கறான்னு நாளைக்கு யாராவது அவகிட்டச் சொல்லிக் காட்டிடுவாங்களோன்னுதான்..."

கண்ணாடிக்கடைக்காரர் தன் கைக்குட்டையை எடுத்து இரண்டு வில்லைகளையும் நிதானமாகத் துடைத்தார். அவரே குனிந்து மாப்பிள்ளையின் காதுகளில் மாட்டிவிட்டு, கடையில் எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார்.

"காதுக்குப் பின்னால உறுத்துதா?"

"இல்லை மாமா."

அப்போது கதவு தடாலென்று திறந்தது. மகள் மூச்சு வாங்க நின்றாள்.

"எத்தனை மிஸ்டு கால்! யாருக்கு என்ன ஆச்சு?" என்றவள், அப்பாவைப் பார்த்ததும் கைப்பையை நழுவவிட்டாள். "அப்பா? நம்ம வீட்டிலயா?"

"நீ போகலையா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"எங்க போகலையா?"

விஷயம் விளங்கியபோது மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பின்னறையா? கரப்பான் தொல்லை தாங்கலை. மருந்து அடிச்சேன்" என்றாள் அம்மா.

"ஒத்தைத் தலையணை?" என்று குறுக்கிட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"இன்னொண்ணு இன்னும் காயலை."

"பச்சை சோப்பு?"

"கடையில அதுதான் இருந்துச்சு. ஆமா, நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

"மாப்பிள்ளை வீட்டுலேருந்து" என்றார், குரல் இறங்கி.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது.

"அப்ப அங்கேயே சாப்பிட்டுட்டு வாங்க. நான் எனக்கு மட்டும்தான் சமைச்சிருக்கேன்."

அதிலிருந்து எதையும் ஊகிக்க அவருக்கு அன்று நேரமில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்னும்போதே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்து தங்கினார்கள். மாப்பிள்ளையின் மூக்கில் மாமனார் கடைக் கண்ணாடி. பின்னறைக் கட்டிலுக்கு இரண்டாவது தலையணையும் வந்திருந்தது.

மறுநாள் கண்ணாடிக்கடைக்காரர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனார்.

"எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டார் நூலகர்.

"அதை ஏன் கேட்கறீங்க! நான் ஊகிச்சது அத்தனையும் தப்பு. ஆனா பாருங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. ரெண்டாம் பாகம் இருக்கா?"

"அதுதான் சார் ருசியான பாகம். முதல் பாகத்துல எதிரியோட அறிகுறியை நாம படிக்கிறது. ரெண்டாம் பாகத்துல, எதிரி படிச்சு ஏமாறட்டும்னே நாம அறிகுறி வைக்கிறது. காலிக் கூடாரம், அட்டை டாங்கி எல்லாம் வரும். ஆனா அது வெளிய போயிருக்கே."

"யாரு எடுத்துட்டுப் போயிருக்காங்க?"

"உங்க வீட்டம்மாதான் சார். முதல் பாகத்தை உங்களுக்குன்னு எடுத்தாங்களே, அன்னிக்கே ரெண்டாம் பாகத்தைத் தனக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."