தலையிடாத அப்பா

தலையிடாத பெற்றோர் என்று ஓர் இனம் உண்டு. எப்போதாவது கண்ணில் படும் அபூர்வ இனம் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் மண்ணில் விளையாடுவதையே படிப்பாக வைத்திருக்கும் பள்ளிக்கூடம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அதன் வாசலில், பிள்ளையை உள்ளே விட்ட பிறகும் கிளம்பாமல், கம்பிக் கதவைப் பிடித்தபடி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். அடையாளம் காண்பது சுலபம். "நாங்க எதுலயும் தலையிடுறதே இல்லைங்க" என்று தானாகவே சொல்லும். நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

அப்படியொரு பள்ளியில்தான் நான் வேலை பார்க்கிறேன். கரும்பலகை கிடையாது, பெஞ்சு கிடையாது. மூன்று மரங்கள், ஒரு மணல் குவியல், எத்தனை முறை சரி பண்ணினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய், அடி ஓட்டையான பாத்திரங்கள். நான்கு வயதும் ஐந்து வயதுமான பிள்ளைகள் காலை முழுக்கத் தோண்டுவார்கள், கொட்டுவார்கள், ஏறுவார்கள், விழுவார்கள், எழுந்து மறுபடி தோண்டுவார்கள். அதுதான் பாடம். இதைத் தேடிப் பிடிக்கத் தலையிடாத பெற்றோர் படும் பாடு கொஞ்சமல்ல. ஊரிலுள்ள பள்ளிகளையெல்லாம் ஏறி இறங்கி, மண் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, மரத்தில் எறும்பு உண்டா, உண்டென்றால் கடிக்குமா, கடித்தால் எப்படிக் கடிக்கும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு பெருமூச்சோடு சொல்வார்கள்: "சரி, பிள்ளை அது பாட்டுக்கு வளரட்டும்."

அது பாட்டுக்கு வளர்வதற்கு ஒரு பை வேண்டும். மண்ணில் விளையாடப் போகும் பிள்ளைக்கு மண் ஒட்டாத மேலங்கி, தண்ணீர் புகாத பூட்ஸ், வெயிலுக்குத் தொப்பி, அது தொலைந்தால் இன்னொரு தொப்பி, துடைக்க ஈரத்தாள், பூச்சிக்கு ஒரு தைலம், மாற்று உடை, மாற்று உடைக்கு ஒரு மாற்று உடை. பையின் கனத்தில் பின்பக்கமாகச் சாய்ந்தபடியே பிள்ளை இயற்கைக்குள் நுழையும்.

மாலையில் விசாரணை.

"இன்னைக்கு என்ன பண்ண?"

"விளையாண்டேன்."

"விளையாடி என்ன கத்துக்கிட்ட?"

"குழி."

"குழின்னா? ஆழம் பாத்தீங்களா? எண்ணிப் பாத்தீங்களா?"

"குழிப்பா."

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலோ, மற்றவர்கள் பரிசுக் கோப்பையைக் காட்டுகிற பெருமிதத்தோடு, "எங்க பொண்ணுக்கு இன்னும் ஒரு எழுத்துகூடத் தெரியாது!" என்பார்கள். அப்போது அந்த வீட்டுப் பிள்ளை, அதே வயசு, ஒரு தாள் நிறைய எழுதிக் கொண்டுவந்து நீட்டும். இவர்கள் சிரிப்பு அப்படியே இருக்கும். முகம் மட்டும் வெளுக்கும். மறுநாள் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் எழுத்துகள் முளைத்திருக்கும். கேட்டால், "படிப்பெல்லாம் இல்லைங்க. அது சும்மா காந்தம்."

இந்த இனத்தின் மாணிக்கம் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் பல் டாக்டரைத்தான் சொல்வேன். அன்பான மனிதர். மகளை நாங்கள் எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடுவோம். ஓர் இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாள். டாக்டருக்கு ஒரே ஒரு பழக்கம். கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு, உள்ளே பஞ்சும் குழாயுமாக மல்லாந்து கிடப்பவர்களிடமே நாளெல்லாம் பேசுகிறவர். "வலிக்குதா? வலிக்காது. ஊரெல்லாம் எப்படி இருக்கு? நல்லா இருக்கும்." கேள்வியும் அவரே, பதிலும் அவரே. பேச்சு என்றால் இப்படித்தான் நடக்கும் என்று அவருக்குப் பழகிவிட்டது.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டைக் காலை என்று பெயர். எப்போதோ விழுந்த ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டை வேலியோரம் கிடக்கிறது. மாதத்தில் ஒரு காலை, பெற்றோர் உள்ளே வந்து அதில் உட்காரலாம். உட்கார மட்டும்தான். பிள்ளையாகப் பார்த்து "வா" என்று கூப்பிட்டால் எழுந்து போகலாம். கூப்பிடாவிட்டால் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தலையிடாத பெற்றோருக்கு இதைவிட எளிய வேலை உண்டா? வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்வதாகச் சொல்கிறார்கள்? ஆனால் அந்தக் கட்டையில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்தால், கீழே யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்றே தோன்றும்.

டாக்டர் ஒரு கட்டைக் காலையையும் விட்டதில்லை. பட்டாணி ஒரு முறையும் அவரைக் கூப்பிட்டதில்லை.

அவர் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். "அவ ரொம்ப சுதந்திரமான பொண்ணு" என்பார். ஆனால் மற்ற பிள்ளைகள் ஓடிவந்து தங்கள் அம்மா அப்பா கையைப் பிடித்து இழுத்துப் போகும்போதெல்லாம், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார். போன மாதக் கட்டைக் காலைக்குக் கிளினிக்கையே பூட்டிவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். வந்த சூட்டோடு அவருடைய மகன் வந்து நின்றான்.

"அம்மா, வா. நீதான் மாடு."

கோர்ட்டில் நீதிபதியையே தடுமாற வைக்கும் அந்த அம்மாள், சொல்லாமல் கொள்ளாமல் மாடாகப் போய்விட்டார். டாக்டர் தனித்துவிடப்பட்டார்.

எதிரே பட்டாணி மும்முரமாக இருந்தாள். சொட்டும் குழாயிலிருந்து கொஞ்ச தூரத்தில், சரிவில், ஒரு குழி. குழாயடியில் தேங்கிய தண்ணீர் மெல்ல வழிந்து குழியை நோக்கி வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு மண் மேடு. தண்ணீர் அந்த மேட்டில் முட்டிக்கொண்டு, போக வழியில்லாமல் நின்றது. பட்டாணி ஒரு நசுங்கிய டம்ளரால் மண்ணை அள்ளி அள்ளித் தட்டிக்கொண்டிருந்தாள். மேடு இன்னும்தான் உயர்ந்தது.

டாக்டருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இல்லடா... அந்த மண்ணை எடுத்துட்டா..." என்று வாய்க்குள் முனகினார்.

"டாக்டர்" என்றார் எங்கள் பெரியக்கா. பள்ளியை நடத்துகிறவர் அவர். முதுகில் கண் உள்ளவர்.

"நான் ஒண்ணுமே சொல்லலைங்க! சொல்லுவேனா? சொல்ல மாட்டேன்."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பாவம், குழந்தை. தண்ணீரைக் குழிக்குக் கொண்டுவர இத்தனை பாடு படுகிறது. நடுவில் இருக்கும் ஒரு பிடி மண் அல்லவா தடுக்கிறது? அதைக் கீறிவிட்டால் போதாதா? ஒரு விரல். ஒரே ஒரு விரல். அதைத் தலையிடுவது என்று யாராவது சொல்வார்களா? இன்றைக்கு இது வெற்றி பெற்றுவிட்டால், அந்தச் சந்தோஷத்தில் "அப்பா, வந்து பாரு" என்று கூப்பிட மாட்டாளா?

பட்டாணி டம்ளரைப் போட்டுவிட்டு மணல் குவியலுக்கு ஓடினாள். பெரியக்கா மரத்தில் சிக்கிக்கொண்ட ஒருவனை இறக்கப் போனார். டாக்டர் எழுந்தார்.

ஒரு விரல் என்றுதான் ஆரம்பித்தார். பிறகு கீழே கிடந்த குச்சி ஒன்று கைக்கு வாகாக அமைந்துவிட்டது. சொத்தையைச் சுரண்டுகிற அதே நிதானத்தோடு, முட்டிபோட்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, மேட்டின் நடுவில் கோடு கீறி, கோட்டை அகலமாக்கி, ஓரங்களைத் தட்டிச் சமன்செய்து, இரண்டு பக்கமும் கூழாங்கல் பதித்து, தூரப்போய் நின்று பார்த்து, மறுபடி வந்து ஒரு கல்லை மாற்றி வைத்தார். அப்படியொரு வாய்க்காலை அந்தப் பள்ளி கண்டதில்லை. சொட்டுத் தண்ணீர் போதாது என்று பட்டதால் குழாயையும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

தண்ணீர் அழகாக ஓடியது. நேராகக் குழிக்குள் போய் விழுந்தது.

பட்டாணி மடி நிறைய உலர்ந்த மணலோடு திரும்பி வந்தாள். நின்றாள்.

"யாரு உடைச்சது?"

"உடைக்கலடா செல்லம், அப்பா சரி பண்ணிட்டேன்! பாரு, தண்ணி எப்படி வருது பாரு!"

"தண்ணி வரக் கூடாதுன்னுதானே கட்டினேன்!"

டாக்டர் கையிலிருந்த குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"உள்ள புழு இருக்கு. அது வீடு. தண்ணி வந்து வந்து வீட்டுக்குள்ள போகுது. அதுக்குத்தான் சுவர் வச்சேன். நீ ஏன் கேக்கல?"

மடியிலிருந்த மணலெல்லாம் சரிந்து கொட்டியது. அவள் குழியருகே குப்புறப் படுத்துக்கொண்டு டம்ளரால் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தாள். டாக்டர் குழாயை மூடினார், இறைக்கக் கையை நீட்டினார்.

"தொடாத. போய் உக்காரு."

போய் உட்கார்ந்தார். இந்த முறை கட்டைக்கு அடியில் அடுப்பு எதுவும் எரிந்ததாகத் தெரியவில்லை. செருப்பு வாரையும் அவர் தொடவில்லை. பட்டாணி இறைத்தாள், தேடினாள், மறுபடி இறைத்தாள். அவள் தோள் குலுங்குவது கட்டையிலிருந்தே தெரிந்தது. தலையிடலாமா என்று டாக்டர் பெரியக்காவைப் பார்த்தார். பெரியக்கா மரத்தைப் பார்த்தார்.

மண்புழு யார் தயவையும் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் புகுந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, குழியின் ஓரமாக, நீளமாக, சோம்பலாக அதுவே வெளியே வந்துகொண்டிருந்தது. பட்டாணி அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு விரலால் எடுத்தாள். அப்புறம்தான் அவளுக்கு ஒரு சிக்கல் புரிந்தது: புது வீடு கட்ட இரண்டு கை வேண்டும்; புழுவை எங்கே வைப்பது? கீழே விட்டால் யாராவது மிதித்துவிடுவார்கள். சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் வேலையாக இருந்தார்கள். ஓர் ஆள் மட்டும் சும்மா இருந்தது.

"அப்பா, வா."

கட்டைக்கும் குழிக்கும் நடுவில் அவர் கால் தரையில் பட்டதா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

"கையை நீட்டு."

"கிளவுஸ் ஏதாவது..." என்று ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளங்கையை விரித்தார். புழு வந்து விழுந்தது. ஈரமாக, சில்லென்று நெளிந்தது. வெள்ளைச் சட்டைக்குள் டாக்டரும் நெளிந்தார்.

"அப்பா என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. சும்மா வச்சிரு."

கேள்வி கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பட்டாணி வேறொரு குழி தோண்டினாள், இந்த முறை தண்ணீர் ஏறாத மேட்டுப் பக்கமாக. யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு தடவை டாக்டருக்கு நல்ல யோசனைகள் வந்தன. இரண்டு தடவையும் வாய் பாதி திறந்தது, அப்படியே நின்றது. அவருடைய நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர்களை நீங்கள் பார்த்திருந்தால், அதே முகம்தான். வீடு கட்டி முடியும்வரை அப்படியே நின்றார். புழு உள்ளே போன பிறகும், மகள் கையைப் பிடித்துக் கீழே இறக்கும்வரை அந்த உள்ளங்கை விரிந்தே இருந்தது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாளே வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அன்னைக்கு நான் ஒண்ணுமே பண்ணலைங்க. சும்மா நின்னேன். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் வேணா எல்லாருக்கும் ஒரு நாள் சொல்லித் தரேன்."

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். மண் மேட்டில் தண்ணீர் முட்டி நின்றது என்று படித்தபோது, உங்கள் மனசிலும் ஒரு விரல் நீண்டதா இல்லையா? அந்த மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கினால் போதுமே என்று தோன்றியதா இல்லையா? அந்தக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கலாமே என்று மட்டும் தோன்றவே இல்லை, அல்லவா?

கவலைப்படாதீர்கள். எங்கள் கட்டை நீளமானது. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் டாக்டர் தள்ளி உட்காருவார்; எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லியும் தருவார்.