கைக்கெட்டும் தூரம்

"உங்க மூணு பேருல குடிக்காதவன் யாரு?"

மேசைக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்ததும் டாரிலும் கீத்தும் ஒரே நேரத்தில் நெவிலைக் கை காட்டினார்கள். சிட்னியிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்தவன் அவன்தான். வழியெல்லாம் அவர்கள் இருவரும் பின்சீட்டில் பீர் டப்பாக்களைத் திறந்துகொண்டே வர, அவன் எலுமிச்சைச் சோடாவைக் குடித்துக்கொண்டு வந்தான்.

மில்லபின் என்ற சின்ன ஊரில், புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிறவர்களின் பௌலிங் கிளப் வாசல். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. ஆஸ்திரேலியாவில் ஜனவரிதான் கோடை, வெயில் நாற்பது டிகிரி. மூன்று மணிக்கு உள்ளே "ஷீப் டிப்" ராக் குழுவின் கச்சேரி. ஆட்டை மருந்துத் தண்ணீரில் முக்கியெடுக்கும் தொட்டிக்குத்தான் அந்தப் பெயர். அவர்கள் பாட்டைக் கேட்டால் ஏறக்குறைய அந்த ஆட்டின் நிலைமைதான். அதற்காகத்தான் நாற்பது வருஷமாக இந்த மூன்று பேரும் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள்.

மேசை முன்னால் நின்றிருந்த நான்கு பேர் திரும்பினார்கள். டாரில் கையெழுத்து வாங்கக் கொண்டுவந்திருந்த பழைய இசைத்தட்டின் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சாட்சாத் ஷீப் டிப்! நாலு பேரும்! நடுவில் பாடகர் ரெக்கர். மைக்கைக் கடித்துத் துப்பியவர், விளக்குக் கம்பத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடியவர், மூன்று ஊர்களில் ஓட்டல் டிவியைத் தூக்கி நீச்சல் குளத்தில் போட்டவர். அப்பேர்ப்பட்டவர் அறுபத்தொரு வயதில், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவங்க நாலு பேரும் மெம்பர் இல்ல," என்றாள் மேசைக்குப் பின்னாலிருந்த மூதாட்டி. வெள்ளை முடியைச் சுருட்டி வாரி, அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டு, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். முன்னால் கிளப்பின் தடித்த விருந்தாளிப் பதிவேடு. "மெம்பர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் வெளியாள் உள்ள போகலாம். நீ மெம்பரா?"

"இருபத்தாறு வருஷமா, மேடம்." நெவில் கார்டை எடுத்து நீட்டினான். ஒரு காலத்தில் இந்த ஊர்க் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்தவன். வேலையும் ஊரும் போன பிறகும் சந்தாவை மட்டும் விடாமல் கட்டி வந்தான். கிளப்புக்குள் காலை வைத்துத்தான் எட்டு வருஷமாகிவிட்டது.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு, மேடம்."

"கோபம் வருமா?"

"வராது. கொஞ்சமாவது வந்தாத்தான் என்னன்னு என் பொண்டாட்டியே கேப்பா."

மூதாட்டி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ போதும். போடு கையெழுத்து."

போட்டான். அவள் மற்ற மூன்று பேரின் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். ரெக்கரின் பெயரை மட்டும் கேட்கவே இல்லை. கிளப் மேசை வரைக்கும் புகழ் பரவியிருக்கிறதே என்று நெவிலுக்குப் புல்லரித்தது. ரெக்கர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப தேங்க்ஸ், மாப்ள," என்றார். நெவிலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சரி, மேடம். இவங்க ரெண்டு பேருக்கும் அப்படியே..."

"ஒரு மெம்பருக்கு நாலு விருந்தாளிதான். விதி ஒன்பது."

டாரில் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் மில்லபினில் ஜனவரி மாதம் யார் முகத்திலும் ஈ ஆடாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

"டேய் நெவில்," என்றான் டாரில், பல்லைக் கடித்துக்கொண்டு. "போன வருஷம் கச்சேரி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுக் கூட்டிட்டுப் போன. அதுக்கு முந்தின வருஷம் கார் சாவியக் கக்கூஸ்ல போட்ட. அங்க நான் மெம்பரு, நேரா கொண்டுபோய் ரெக்கர் கையில உங்க கையக் குடுக்கிறேன்னு இந்தத் தடவை யாரு சொன்னது?"

"நான்தான்."

"இதையும் சொதப்புனேன்னா அடுத்த வருஷத்துல இருந்து நாங்க ரெண்டு பேருதான். நீ வீட்டுல உக்காந்து புல்லு வெட்டு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அவனுக்கு இருந்த சிநேகிதர்களே இந்த இரண்டு பேர்தான். நெவில் மறுபடி மேசைப் பக்கம் திரும்பினான்.

"மேடம், டிரம்ஸ் அடிக்கிறவரையும் கிட்டார்காரரையும் அடிச்சிட்டு, இவங்க பேர எழுதுங்களேன்."

"எழுதினத அடிக்கக் கூடாது. விதி பத்து. அப்புறம் விதி பதினொண்ணு. விருந்தாளி எப்பவும் மெம்பரோட கைக்கெட்டும் தூரத்துல இருக்கணும்."

"நாலு பேருக்கும் எப்படி மேடம் கை எட்டும்?"

"மத்த மூணு பேரும் நின்ன எடத்துல நின்னு வாசிக்கிறவங்க. பாடுற இவனப் பாத்துக்க, அது போதும்."

அதற்குள் ஊர் ஜனங்கள் கும்பல் கும்பலாக வர ஆரம்பித்தார்கள். மூதாட்டி ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டினாள், அவ்வளவுதான். முதலில் பாடப் போகிற வேறொரு குழுவைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் கிட்டாரோடு சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் ஒரு தலையாட்டல்.

"இவங்க எல்லாரும் மெம்பரா, மேடம்?"

"எல்லாரும் மெம்பர்தான்."

ஊரில் இருப்பதே எண்ணூறு பேர். கிளப் எப்படி வளர்ந்துவிட்டது என்று வியந்துகொண்டே, "உள்ள போய் மேனேஜரப் பாத்து சரி பண்றேன், அஞ்சே நிமிஷம்!" என்று சிநேகிதர்களிடம் கத்திவிட்டு நெவில் ரெக்கரின் பின்னால் ஓடினான்.

பாரில் மேனேஜர் லினெட் இரண்டு கையாலும் பீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் எழுபது பேர். நெவில் கையை ஆட்டிக் கூப்பிட்டான். அவளும் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். கிட்டே போகலாமென்றால் ரெக்கர் எதிர்ப்பக்கம் நடக்கிறார். கைக்கெட்டும் தூரம்!

ரெக்கர் மேடைக்குப் பக்கத்தில் நின்று ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தார். எங்கிருந்துதான் வந்தாளோ, மூதாட்டி முன்னால் நின்றாள். ரெக்கரை அல்ல, நெவிலைப் பார்த்தாள்.

"விருந்தாளி புகை பிடிச்சா மெம்பர் கார்டு போயிடும்."

"சார், மன்னிச்சுக்குங்க," என்று சொல்லி நெவில் தன் ஆராதனைத் தெய்வத்தின் வாயிலிருந்து சிகரெட்டைப் பிடுங்கினான். ரெக்கர் சாதுவாகத் தலையாட்டினார். பெரிய மனுஷங்க பெரிய மனுஷங்கதான் என்று நெவில் உருகிப் போனான். பீருக்கும் அதே கதி. இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள்.

நிமிர்ந்தால், பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, பந்து உருட்டும் புல்தரையில், டாரிலும் கீத்தும் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாற்பது ஈ. ரெக்கரோடு டம்ளர் தட்டிக் குடிக்கும் நெவிலை வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஜாடையில் விளக்க முயன்றான். அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெற்றி நடனம் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

மூன்று மணி. முதல் குழு இறங்கி, ஷீப் டிப் ஏறியது. நெவிலும் ஏறினான். மைக்குக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டிருந்தது. யார் போட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் பாட்டிலேயே ரெக்கருக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டார். கத்திக்கொண்டே ஸ்பீக்கர் மேல் ஒரு காலை வைத்தார். கூடத்தின் கோடியில் மூதாட்டியின் ஒற்றை விரல் மேலே எழும்பியது. நெவில் பாய்ந்து ரெக்கரின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். கூட்டம் அலறியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டாவது பாட்டில் ரெக்கர் சட்டையைக் கழற்றினார். விரல் எழும்பியது. நெவில் பின்னாலேயே ஓடி ஓடிச் சட்டையை மாட்டி, கழுத்துப் பட்டன் வரை போட்டுவிட்டான். "போடு! போடு! பட்டன் போடு!" என்று முந்நூறு பேர் தாளத்தோடு கத்தினார்கள். மூன்றாவது பாட்டில் விரல் எழும்பாமலே நெவில் டம்ளரை நீட்டினான். ரெக்கரும் பழக்கப்பட்ட மாதிரி இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் பாடினார்.

கடைசிப் பாட்டு வந்தது. ரெக்கர் மேடை விளிம்பில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். ஐயோ, குதிக்கப் போகிறார்! நாற்பது வருஷமாக இந்தப் பாட்டுக்கு அவர் கூட்டத்தின் மேல் குதிக்காமல் விட்டதில்லை. நெவில் கண்ணை மூடிக்கொண்டு இடுப்பைக் கட்டிப் பிடித்தான். பிடித்தது பிடித்ததுதான், ஆனால் ரெக்கர் தொண்ணூறு கிலோ. இருவரும் சேர்ந்தே கூட்டத்தின் தலைமேல் விழுந்தார்கள்.

ஜனங்கள் இரண்டு பேரையும் தூக்கிக் கை மாற்றிக் கை மாற்றிக் கூடம் முழுக்கச் சுற்றிவந்தார்கள். மல்லாந்து கிடந்தாலும் நெவில் விதி பதினொன்றை விடவில்லை. பெல்ட்டைப் பிடித்தபடியே ஜன்னலோரம் மிதந்து போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாரிலின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"அஞ்சே நிமிஷம்!" என்று நெவில் கத்தினான்.

டாரில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கச்சேரி முடிந்தது. நெவில் மூச்சு வாங்க ரெக்கரின் கையைப் பிடித்தான். "சார், எனக்கு ஒண்ணும் வேணாம். வெளிய என் சிநேகிதங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க. ரெண்டு நிமிஷம் வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துடுங்க, சார்."

"அடடா, இவ்வளவுதானா? வா, மாப்ள, போலாம்!"

நாலு அடி எடுத்து வைப்பதற்குள் மூதாட்டி குறுக்கே வந்தாள். கையில் ஒரு தட்டு, தட்டில் முட்டை சாண்ட்விச்.

"விருந்தாளி வெறும் வயித்தோட வெளிய போகக் கூடாது. விதி பதினேழு. ஓரத்தையெல்லாம் பிச்சுப் போடாம சாப்பிடறானான்னு மெம்பர் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

ரெக்கர் உட்கார்ந்தார். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "விதின்னா விதிதான், மாப்ள," என்றார் பாவமாக.

நெவில் ஜன்னலைப் பார்த்தான். கீத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். டாரில் இசைத்தட்டு உறையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல், பஸ் நிற்கும் சாலையை நோக்கி நடந்தான். வெயிலில் வெந்து அவன் பின்கழுத்து செக்கச் செவேலென்று இருந்தது. அந்தக் கழுத்தைப் பார்த்ததும் நெவிலுக்குத் தாங்கவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று வருஷம் பார்த்த கழுத்து அது.

வாழ்க்கையில் முதல் தடவையாக நெவிலுக்குக் கோபம் வந்தது.

நேராக மேசைக்குப் போனான். அதன் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தான். பின்னாலேயே வந்த மூதாட்டியின் கண்ணெதிரே தன் மெம்பர் கார்டை இரண்டாக, நாலாக, எட்டாக வெட்டிப் பதிவேட்டின் மேல் கொட்டினான்.

"இந்தாங்க உங்க கிளப்பு! இருபத்தாறு வருஷம் சந்தா கட்டியிருக்கேன், எங்க அப்பா செத்த வருஷம்கூட விடல. என் சிநேகிதங்கள வெயில்ல காயப்போடற கிளப்பு எனக்கு வேணாம். அவங்க ரெண்டு பேரும் கூட இல்லன்னா எனக்கு ரெக்கர் எதுக்கு, ராக்கு எதுக்கு? உங்க விதியெல்லாம் நீங்களே வெச்சு ஊறுகா போட்டுக்குங்க!"

மூதாட்டி துளியும் கலங்கவில்லை. "கோபம் வராதுன்னு சொன்னியே," என்றாள்.

நெவில் சாலைக்கு ஓடினான். "டேய்! டாரில்! நில்லுடா! கார்ட வெட்டிப் போட்டுட்டேன்டா!"

டாரில் நின்றான். "எந்தக் கார்ட?"

"கிளப்பு கார்ட. அந்தக் கிழவி மூஞ்சி முன்னாடியே வெட்டினேன். இனிமே நானும் வெளியாளுதான்."

"எங்களுக்காகவா?" என்றான் கீத்.

"பின்ன ஈக்காகவாடா?"

டாரில் இரண்டே எட்டில் திரும்பி வந்தான். அப்புறம் நெவிலின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்து, அப்படியே கட்டிக்கொண்டான். "கிறுக்குப் பயலே. அடுத்த வருஷமும் நீதான்டா கார் ஓட்டணும். ஆனாலும் நீ தலைக்கு மேல போறப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? போய்ச் சேரட்டும்னு இருந்துச்சு." மூன்று பேரும் நடுரோட்டில் நின்று சிரித்தார்கள். கையெழுத்தாவது கழுதையாவது, போகிறது என்று காரை நோக்கித் திரும்பினார்கள்.

அப்போதுதான் மேனேஜர் லினெட் பாட்டில்கள் நிறைந்த குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அட, நெவில்தானே? மேடையில கலக்கிட்டியே! என்னப்பா இது, சிநேகிதங்கள வெயில்லயே நிக்க வெச்சிருக்க? உள்ள கூட்டிட்டு வா, பீர் ஜில்லுன்னு இருக்கு."

"எப்படி வர்றது, லினெட்? நாங்க மூணு பேரும் வெளியாளு. வாசல்ல உங்க மேசைக்காரக் கிழவி விடமாட்டா."

லினெட் தொட்டியை நிறுத்திவிட்டு அவனை வினோதமாகப் பார்த்தாள்.

"யாரு வேணா வரலாம், போகலாம்னு சொல்லி அந்த மேசைக்கு ஆள் போடுறத நாங்க நிறுத்தி அஞ்சு வருஷம் ஆச்சேப்பா, இன்னிக்கு அங்க உக்காந்திருக்கிறது ரெக்கரப் பெத்த அம்மா!"