பதினைந்தாம் தேதி வரவிருந்த வெளிச்சம்

இந்த உலகத்தில் மகான்கள் இரண்டே வகை. எதுவும் வேண்டாம் என்று துறந்தவர்கள் ஒரு வகை. எல்லாவற்றையும் இருபத்து நான்கு இருபத்து நான்காக வாங்கியவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டார்கள். இரண்டாம் வகையை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. அந்தக் குறையைப் போக்கவே நம் மதிப்பீட்டாளரின் வரலாறு இங்கே பயபக்தியோடு பதிவு செய்யப்படுகிறது.

மதிப்பீட்டாளர் என்பது அவருடைய உத்தியோகம். காப்பீட்டு அலுவலகத்தில் நஷ்ட மதிப்பீட்டாளர். யாருக்காவது கடை எரிந்தால், வீடு ஒழுகினால், வண்டி நசுங்கினால், இவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு விசாரணை நடத்துவார்.

"மழை வரும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"மழைக்காலம்னா வரத்தானே சார் செய்யும்."

"அப்போ தெரியும். தெரிஞ்சும் கூரைக்குக் கீழே பீரோவை வெச்சிருக்கீங்க."

"பீரோவைக் கூரைக்கு மேலயா சார் வெக்க முடியும்?"

இதற்கு மேல் பேச்சு கிடையாது. பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுப்பார். வாயால் ஒரு ஊது ஊதுவார். விண்ணப்பத்தின் நெற்றியில் ஒரே குத்து. 'தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம்' என்று ஊதா நிறத்தில் விழும். அது விழுந்துவிட்டால் அப்புறம் அலுவலகத்திலிருந்து ஒரு காசு பெயராது. இருபத்தோரு வருஷ சர்வீஸில் அந்த முத்திரையின் ரப்பர் மூன்று முறை தேய்ந்து மூன்று முறை மாற்றப்பட்டது. அதை அவர் அலுவலகத்தில் விட்டுவிட்டு வருவதே இல்லை. பையிலேயே இருக்கும்.

இப்படிப்பட்ட அறிவாளிக்கு ஏற்ற கடை ஊருக்குள் எப்படி இருக்கும்? ஊருக்கு வெளியே, முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் இருந்தது. அதைக் கடை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். 'கிடங்கு' என்று சொல்ல வேண்டும். நாலு விமானத்தை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே நுழைய வருஷச் சந்தா கட்டி, முகப்படம் ஒட்டிய உறுப்பினர் அட்டை வாங்க வேண்டும். ஒருவன் தன் பணத்தைச் செலவு செய்ய முன்கூட்டியே பணம் கட்டி அனுமதி வாங்கும் இந்த ஏற்பாட்டை யோசித்த மூளைக்குச் சிலை வைத்தாலும் தகும். உள்ளே எதுவும் ஒன்றாகக் கிடைக்காது. சோப்பு என்றால் முப்பத்தாறு. பல் துலக்கும் பிரஷ் என்றால் நாற்பது. தக்காளி சாஸ் ஐந்து லிட்டர் டின், அதுவும் ஜோடியாகத்தான்.

மதிப்பீட்டாளர் வீட்டில் மூன்று பேர். அவர், பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் அவர் மனைவி, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அவர் அப்பா. இதில் அப்பாவின் பற்கள் ராத்திரி டம்ளரில் தூங்குகின்றன. ஆக, நாற்பது பிரஷ்ஷும் இரண்டு வாய்க்கு. வாய் போதாதது பிரஷ்ஷின் குற்றமா?

அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் அவர் இதை ஒரு பாடமாகவே நடத்தினார். விலைச்சீட்டின் மூலையில் நட்சத்திரம் இருந்தால் அந்தச் சரக்கு இனி வராது, அள்ளிக்கொள்ள வேண்டும். மஞ்சள் சீட்டு என்றால் அடுத்த வாரம் இன்னும் இறங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பின்சுவர் ஓரமாகத்தான் 'உண்மையான' தள்ளுபடி ஒளிந்திருக்கும்.

"எனக்கு ஒரே ஒரு சோப்புதான் சார் வேணும்," என்றார் தட்டச்சுக்கார அம்மா.

"ஒரு சோப்பு! உங்களை மாதிரி ஒரு சோப்பு, ஒரு சோப்புன்னு வாழறவங்களாலதான் நாடு இந்த நிலைமையில இருக்கு."

அம்மா டிபன் டப்பாவை மூடிக்கொண்டு நாட்டிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டார்.

வீட்டில் முதலில் சோபா வெளியே போனது. பிறகு சாப்பாட்டு மேஜை பால்கனிக்குப் போனது. கடைசியாக, அப்பாவின் அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடையில், ஜன்னலை முழுசாக மூடிக்கொண்டு கை துடைக்கும் காகிதச் சுருள்கள் தொண்ணூற்றாறு பெட்டி பெட்டியாகக் குடியேறின; அவற்றின் காலடியில் சாஸ் டின் ஜோடி உட்கார்ந்தது. அன்று முதல் அந்த நடையில் பகல் என்பது வழக்கொழிந்தது. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுத்தான் நடக்க வேண்டும். அந்த விளக்கு ஒரு முதல் தேதி காலையில் 'டப்' என்று உயிரை விட்டது.

"டேய், நடையில ஒரு பல்பு வாங்கிப் போடுடா. பாத்ரூம் போகக் கண்ணு தெரியல," என்றார் அப்பா. முட்டி தேய்ந்துபோனதால் அவர் ஸ்டூலில் ஏறக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

"ஆகா, சரியான நேரத்துல ஃபியூஸ் போச்சுப்பா! பதினஞ்சாம் தேதி கிடங்குல பல்புக்கு நாற்பது சதவீதம். இருபத்து நாலு ஒரு பேக்."

"இந்த ஊர்ல பாதித் தெருவுக்குக் கம்பத்துல ஏறி லைட்டு போட்டவன்டா நான். என் வீட்டு நடையில சுவரைத் தடவிக்கிட்டுப் போறேன்."

"பதினாலே நாள்தாம்பா. கொஞ்சம் அடக்கிக்கோங்க."

"எனக்கு வர்றது பதினஞ்சாம் தேதி வரைக்கும் அடங்காதுடா!"

வீட்டில் 'வெளிக்கொள்முதல் தடை' அமலில் இருந்தது. கிடங்குக்கு வெளியே யாரும் எதுவும் வாங்கக் கூடாது. ஒரு தடவை மனைவி அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிவிட்டு, மூன்று நாள் கணவரின் மௌனத்தை அனுபவித்தார். (மூன்று நாளும் வீடு நிம்மதியாக இருந்தது என்று பிற்பாடு அவர் சொன்னது இந்த வரலாற்றுக்குத் தேவையில்லை.) ஆனாலும் எட்டாம் தேதி சாயங்காலம், ஏழாம் வகுப்புக்கு 'ஒளி' பாடம் நடத்திவிட்டு வந்த வேகத்தில், முனைக்கடையில் ஒரு பல்பை வாங்கி ஸ்டூலில் ஏறி மாட்டியே விட்டார். அப்பா நடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை சும்மாவே நடந்து பார்த்தார். "நல்லா இரும்மா," என்றார்.

ஏழு மணிக்கு மதிப்பீட்டாளர் வந்தார். வெளிச்சத்தைப் பார்த்தார். அதே ஸ்டூலில் ஏறினார். ஏழே காலுக்கு முனைக்கடையில் நின்றார்.

"என்ன சார், பல்பு எரியலையா?" என்றார் கடைக்காரர்.

"எரியுது."

"அப்புறம்?"

"எரிஞ்சது போதும். பணத்தைத் திருப்பிக் கொடுங்க."

"ஒரு வாரம் எரிஞ்சுட்டுப் போகட்டுமே சார். பெரியவர் நடக்கிற இடம்."

"யோசிச்சுப் பேசுங்க. உங்க ஒத்தப் பல்பு அங்க எரிஞ்சா, பதினஞ்சாம் தேதி வர்ற இருபத்து நாலுல ஒண்ணு வேலையில்லாம உட்கார்ந்திருக்கும். அந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?"

கடைக்காரருக்கு வியாபாரம் தெரியும், தர்க்கம் தெரியாது. பணத்தை எடுத்துக் கொடுத்தார். பல்பை மட்டும் அலமாரியில் திருப்பி வைக்காமல் கல்லாப்பெட்டி மேல் தனியாக வைத்தார்.

பன்னிரண்டாம் தேதி மதிப்பீட்டாளர் அரை நாள் விடுப்பு எடுத்துக் கிடங்குக்குப் போயிருந்தார். பல்புகள் எந்த வரிசையில் இறக்கப்படும் என்று முன்கூட்டியே 'கள ஆய்வு' செய்ய வேண்டியிருந்தது. போன இடத்தில் நட்சத்திரம் போட்ட ஷாம்பு பன்னிரண்டு கண்ணில் பட்டது. காலை பதினொரு மணிக்கு, பில் போடும் வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. முனைக்கடைக்காரர்.

"சார், அப்பா விழுந்துட்டாரு. சத்தம் கேட்டு ஓடி வந்தேன். நடையில கிடக்கிறாரு, எந்திரிக்க முடியல."

"எதுல இடறினார்?"

"சாஸ் டின்னுல சார்."

"டின் நசுங்கியிருக்கா?"

 கடைக்காரர், "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நீங்க வந்தா வாங்க," என்று வைத்துவிட்டார்.

மதிப்பீட்டாளர் வரிசையை விட்டு ஓர் அடி வெளியே வைக்கத்தான் செய்தார். பெற்ற அப்பா அல்லவா! ஆனால் வரிசையில் முன்னால் நாலே பேர்தான் இருந்தார்கள். ஷாம்புவோ இனி வராது. அப்பா ஏற்கனவே விழுந்தாயிற்று, இனிமேல் விழ மாட்டார். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, பில் போட்டு, வாசலில் காவலாளி பில்லைச் சரிபார்த்துக் கோடு போடும் வரை நின்று, அதன் பிறகே பறந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

"எப்படி விழுந்தார்?"

"இருட்டுல டாக்டர்."

"காலையில பதினொரு மணிக்கு என்ன இருட்டு?"

"ஜன்னல்ல சரக்கு அடுக்கியிருக்கு."

"லைட்டு இல்லையா?"

"பதினஞ்சாம் தேதி வருது."

டாக்டர் கேஸ் ஷீட்டில் என்னவோ எழுதி, அடித்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா இனிமே வாக்கர் இல்லாம அவரால நடக்க முடியாது," என்றார்.

வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே ஓடி வந்ததில் விரலெல்லாம் சாக்பீஸ்.

"மாட்டின பல்பைக் கழட்டினீங்களே. அவர் நாலு தடவை சந்தோஷமா நடந்து பார்த்தாரு. உங்க கையாலேயே கழட்டினீங்களே!" என்று அழுதார். மதிப்பீட்டாளருக்கும் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம் கையில் இல்லை. வீட்டில் தொண்ணூற்றாறு சுருள் இருந்தது.

பதினான்காம் தேதி ஆபரேஷன் முடிந்தது. பதினைந்தாம் தேதி கிடங்கின் கதவு திறந்தபோது முதல் ஆளாக உள்ளே நுழைந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, அப்பாவின் கட்டில் மேல் பெட்டியை வைத்தார்.

"பாருங்கப்பா. இருபத்து நாலு. சொன்ன தேதிக்கு வந்துடுச்சு."

அப்பா மெதுவாக ஒன்றை வெளியே எடுத்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"டேய், நம்ம வீட்டுல இருக்கிறது பின் ஹோல்டர். அழுத்தித் திருகினா மாட்டிக்கும். இது மரை வெச்ச பல்பு. இதுல ஒண்ணுகூட அங்க நிக்காதுடா."

மதிப்பீட்டாளர் ஒரு நிமிஷம்தான் ஆடிப்போனார். மகான்கள் அதற்கு மேல் ஆடுவதில்லை.

"அப்போ ஹோல்டரை மாத்திடுவோம். கிடங்குல முப்பது ஹோல்டர் ஒரு பேக். அடுத்த மாசம் ஆஃபர் வரும்."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். 

அப்பா வீடு திரும்பியபோது நடையில் வெளிச்சம் இருந்தது. முனைக்கடைக்காரர், மதிப்பீட்டாளரின் மனைவியிடம் சாவியை வாங்கி, கல்லாப்பெட்டி மேல் வைத்திருந்த பல்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். மதிப்பீட்டாளர் ஸ்டூலைத் தேடினார். மனைவி அதை முந்தின நாளே அக்கம்பக்கத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். வாக்கர் கிடங்கிலிருந்து ஜோடியாக வந்தது. "இன்னொண்ணு எதுக்கு?" என்று மனைவி கேட்டதற்கு, "நமக்கும் வயசாகுமில்ல?" என்றார் தொலைநோக்குள்ளவர். இரண்டாவது வாக்கரில் மனைவி துணி காயப்போட்டார்.

நல்லவர்களைக் காலம் கைவிடுவதில்லை. வருஷக் கடைசியில் கிடங்கு நிர்வாகம் நம்மவரை 'ஆண்டின் தலைசிறந்த சிக்கனச் செம்மல்' என்று தேர்ந்தெடுத்தது. பன்னிரண்டு மாதத்தில் ஒரு தள்ளுபடியைக்கூட அவர் தவறவிட்டதில்லையாம். கிடங்கின் செய்திமடலுக்காக மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு பெண்மணி வீட்டுக்கே வந்தார். பெட்டிகள் முன்னால் நிற்க வைத்து மதிப்பீட்டாளரைப் படம் பிடித்தார். பிறகு நடையில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்த அப்பாவைப் பார்த்தார்.

"ஐயா, இந்த வருஷம் உங்க மகன் மிச்சம் பிடிச்சதிலேயே பெரிய மிச்சம்னு நீங்க எதைச் சொல்வீங்க?"

அப்பா யோசிக்கவே இல்லை. "ஒரு பல்பு."

"இருபத்து நாலு பேக்கா ஐயா?"

"இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணு நாங்க விக்கிறதே இல்லையே?"

"அதனாலதாம்மா அவன் வாங்கல."

"ரொம்ப ஜாலியான குடும்பம் சார்!" என்று சொல்லி அந்த அம்மாள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

செய்திமடல் வழவழப்பான வண்ணத்தாளில் வந்தது. முதல் பக்கம் முழுக்க மதிப்பீட்டாளரின் சிரித்த முகம். கீழே கொட்டை எழுத்தில், 'மாபெரும் சேமிப்பு ஒரு பல்பு! தந்தை நெகிழ்ச்சி.' அவர் ஐம்பது பிரதி கேட்டார். ஐம்பதாகத்தான் கொடுத்தார்கள். அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டு விநியோகித்தார். தட்டச்சுக்கார அம்மாவுக்கு மூன்று.

மாசா மாசம் தள்ளிப்போன ஹோல்டர் ஆஃபர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியும் முன்னே கிளம்பும் அவசரத்தில் மதிப்பீட்டாளர் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். மத்தியானம் முப்பது ஹோல்டரோடு திரும்பி வந்து, பெட்டியைச் சுமந்துகொண்டு நடைக்குள் நுழைந்தார். சுவரில், பல்புக்கு நேர் கீழே, செய்திமடலின் முதல் பக்கத்தை யாரோ அழகாக ஒட்டியிருந்தார்கள். அவர் பூரித்துப் போனார்.

"யாருப்பா இதை இங்க ஒட்டினது?"

"நான்தான்டா," என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "உன் பையிலேர்ந்து ஒரு சாமான் எடுத்தேன். வேலை முடிஞ்சுது, எடுத்த இடத்துலயே வெச்சுட்டேன்."

மதிப்பீட்டாளர் கிட்டே போய்ப் பார்த்தார். படத்தில் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில், கோணாமல், மை பிசிறாமல், ஊதா நிறத்தில் ஒரே குத்து விழுந்திருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்ததால் ஓர் எழுத்துகூட விடாமல் படிக்க முடிந்தது.

'தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம்.'