நன்றி வக்கீல்

வக்கீல்களில் சட்டம் படித்து வாதாடுகிறவர்கள் உண்டு, எதையும் படிக்காமலே வாதாடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையில் ஒரு தனி இனத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன். இவருக்குக் கறுப்புக் கோட்டு கிடையாது, ஃபீஸ் கிடையாது, கட்சிக்காரர் இவரை அமர்த்தியதும் கிடையாது. பல சமயம் இப்படி ஒருவர் இருப்பதே கட்சிக்காரருக்குத் தெரியாது. நான் இவருக்கு வைத்திருக்கும் பெயர் நன்றி வக்கீல்.

எப்போதோ ஒரு கடையோ கம்பெனியோ இவருக்கு எதையோ சும்மா கொடுத்திருக்கும். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. நகைக்கடை கொடுத்த காலண்டரில் கிருத்திகை ஒரு நாள் முன்னதாக அச்சாகியிருக்கிறது என்று வீட்டில் யாராவது சொல்லிவிட்டால், பஞ்சாங்கத்தில் இரண்டு வகை உண்டு என்று ஆரம்பித்து, அச்சகத்துக்காரரின் கண்பார்வை, வருஷக் கடைசி அவசரம், கடை முதலாளியின் நல்ல மனசு எல்லாவற்றையும் சுற்றிவந்து, கோயிலில்தான் தேதியைக் குழப்பிவிட்டார்கள் என்று முடிப்பார். சொன்னதோடு நிற்க மாட்டார். காலண்டர் சொன்ன தேதியிலேயே விரதமும் இருந்துவிடுவார்.

இவரைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. "நமக்குச் சும்மா குடுக்கணும்னு அவங்களுக்கு இன்னா தலையெழுத்தா?" என்பார். நீங்கள் ஏதாவது பதில் சொன்னால், "ஏன், அவங்களும் பொழைக்க வேணாமா?" என்பார். சும்மா கொடுக்கிறவர் அதில் எப்படிப் பிழைப்பார் என்று கேட்காதீர்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறவரிடம் கேள்வி கேட்டு யாரும் வீடு திரும்பியதில்லை.

திருத்தணியில், எனக்குத் தெரிந்தவரை, இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உதாரணம் கதிரவன். நாற்பத்திரண்டு வயது. சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. வாரத்தில் இரண்டு நாள் மின்சார ரயிலில் போய்வருவார், மற்ற நாட்களில் மலையடிவாரத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். நல்ல மனிதர். இந்த இனத்தில் கெட்ட மனிதர்களே கிடையாது, அதுதான் தொல்லை.

அவரும் நாங்கள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து, தறியில் நீளவாக்கில் ஓடும் நூலின் பெயரை வைத்து, 'பாவு' என்று ஒரு புரோகிராம் செய்திருந்தோம். சேலை பார்டருக்கு ஒரு படத்தைக் கொடுத்தால், எந்த நூல் எழும்ப வேண்டும், எந்த நூல் படுக்க வேண்டும் என்று தறிக்குப் புரிகிற மாதிரி அது மாற்றித் தரும். ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் அதை ஒரு பென் டிரைவில் போட்டுத் தறியில் செருகினால் தறி மயில் நெய்யும். ஓப்பன் சோர்ஸ். அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைப் பற்றிக் கதிரவன் கல்லூரிகளில் போய்ப் பேசுவார். சுதந்திரம் என்ற சொல்லை அவர் உச்சரித்தால் முன்வரிசை மாணவர்கள் போனை உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஒரே புரோகிராமைத் திருத்தினால், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று குறித்துவைக்க ஒரு கருவி வேண்டும். போன மாதம் இருந்தது போலவே வேண்டும் என்றால் எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். இதற்கும் ஓப்பன் சோர்ஸ் கருவிகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அவை எதுவும் எங்களைத் தேடி வரவில்லை. பெங்களூர்க் கம்பெனி ஒன்று தேடி வந்தது. தன் முதலைப் போட்டுச் செய்த அழகான கருவி. உங்களைப் போன்றவர்களுக்கு என்றென்றும் இலவசம். கூடவே ஆளுக்கொரு டீ ஷர்ட். சுதந்திரத்துக்காகப் பாடுபடும் ஒரு திட்டத்தின் மொத்தச் சரித்திரத்தையும் அடுத்தவர் பெட்டியில் வைத்துச் சாவியை அவரிடமே கொடுப்பதா என்று கதிரவன் யோசித்தாரா? யோசித்தார். டீ ஷர்ட்டில் எக்ஸ்எல் இருக்குமா என்று.

லைசென்ஸ் பதினாலு பக்கம். கதிரவன் அதைக் கடைசிவரை ஒரே இழுப்பாக இழுத்து 'சம்மதம்' என்பதை அழுத்தினார். எங்களில் அதைப் படித்தது தேவிப்பிரியா மட்டும்தான். ஆர்.கே.பேட்டையில் நான்கு விசைத்தறி ஓட்டும் வீரபத்திரனின் மகள். தறியும் தெரிந்து புரோகிராமும் தெரிந்த ஒரே ஆள். பழைய மாடல் தறிகளுக்கான பகுதி முழுக்க அவள் எழுதியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லாருக்கும் நடுவாக இருக்கட்டும் என்று கே.ஜி.கண்டிகை டீக்கடையில் கூடுவது வழக்கம். அங்கேதான் பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, ஏழாம் பக்கம் பாத்தீங்களா? இத யூஸ் பண்றவங்க யாரும் இந்த மாதிரி வேற டூல் செய்யக் கூடாதாம்."

"நாம எங்கம்மா செய்யப் போறோம்?"

"பத்தாம் பக்கத்துல, பதினஞ்சு நாள் நோட்டீஸ் குடுத்துட்டு எப்ப வேணா நிறுத்திக்குவோம்னு போட்ருக்காங்க."

"முதல் பக்கத்துல என்றென்றும் இலவசம்னு போட்ருக்காங்களே."

"அதத்தாங்க சொல்றேன். முதல் பக்கத்துல குடுக்கறாங்க, பத்தாம் பக்கத்துல புடுங்கிக்கறாங்க."

"சும்மா குடுக்கறவங்களப் போயி நோண்டிகினு இருக்கக் கூடாதும்மா. டீ ஆறுது பாரு, குடி."

நாலு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. கருவியும் நல்ல கருவி, அதை மறைக்க முடியாது. தேவிப்பிரியாவின் தறிக்கூடத்தில் நெட் அடிக்கடி போய்விடும் என்பதால், நாங்கள் செய்த மாற்றங்கள் எல்லாவற்றையும் தினமும் ஒருமுறை தன் கம்ப்யூட்டருக்கு இழுத்து வைத்துக்கொள்ள இருநூறு வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டாள். ஒளித்துச் செய்யவில்லை. எங்களிடமும் சொன்னாள்.

கம்பெனிக்கு இது எப்படித் தெரிந்தது? கதிரவன்தான் கடிதம் எழுதினார். காட்டிக்கொடுக்க இல்லை, ஐயோ, அப்படியெல்லாம் நினைத்துவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்க. எங்கள் குழுவில் ஒரு பெண் ஆர்வக் கோளாறில் இப்படி ஒன்றைச் செய்துவிட்டாள், தாங்கள் பெரிய மனது பண்ணித் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று, கேட்காத கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் பதில். கம்பெனி இரண்டே வரியில் பதில் போட்டது: இது ஏழாம் பக்கத்துக்கு விரோதம், அந்த நபரை ஒரு வாரத்துக்குள் குழுவிலிருந்து நீக்காவிட்டால் குழுவின் லைசென்ஸ் முழுவதும் ரத்து. கீழே 'அன்புடன்' என்று இருந்தது. அதைக் கதிரவன் எங்களுக்குத் தனியாகச் சுட்டிக்காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாதாடியதைப் போல ஹைகோர்ட்டில்கூட யாரும் வாதாடியிருக்க மாட்டார்கள். கம்பெனி செய்த முதலீடு, போட்டிக் கம்பெனிகளின் திருட்டுப் புத்தி, நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் மனவருத்தம் எல்லாவற்றையும் சொன்னார். தேவிப்பிரியா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் செஞ்சதுல எதுனா தப்பாண்ணா?"

"தப்புன்னு யாரும்மா சொன்னது? கண்டிஷன்னா கண்டிஷன்தானே. கொஞ்ச நாளைக்குத்தான்."

"பாவுல பாதி நான் எழுதுனதுங்க."

"அது யாரு இல்லைன்னாங்க? அது அங்கியேதான் இருக்கும். உன்ன மட்டும்தான் எடுக்கறோம்."

அவள் மற்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். எனக்குக் கோபம் வந்தது, இது அநியாயம் என்று தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் டீயை முழுவதும் குடித்துவிட்டு, பேட்டை பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அவள் போனபின், அவள் எழுதிய பகுதியைக் கதிரவன் தன் கையாலேயே கொஞ்சம் ஒழுங்குபடுத்தினார்.

ஆடிக் கிருத்திகைக்கு இருபது நாள் இருக்கும்போது வீரபத்திரனிடமிருந்து கதிரவனுக்குப் போன் வந்தது. காவடி எடுத்து வருகிறவர்களுக்காக மஞ்சள் சேலை, வேலும் மயிலும் போட்ட பார்டர், நான்கு தறிக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டிருந்தார். புதுப் பாவுவைத் தறியில் போட்டிருக்கிறார்.

"தம்பி, எங்க மயிலுக்குத் தலை வால் பக்கம் வந்துகினு இருக்குது. சாமி உக்கார்ற வாகனம் அது. இத கட்டிகினு மலை ஏறுனா ஜனங்க இன்னா சொல்லுவாங்க? கடைக்காரன் ஒரு சேலை எடுக்க மாட்டான். நாலு தறியும் நிக்குது. பொண்ணக் கேட்டா, என்ன எடுத்தவங்களயே கேளுன்னுது."

பழைய பாவுவை எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது. எடுக்கப் போனால், கம்பெனியின் கதவு பூட்டியிருந்தது. இலவசத் திட்டம் இனிதே நிறைவடைந்தது, நீங்கள் காட்டிய அன்புக்கு நன்றி என்று ஒரு பலகை மட்டும் தொங்கியது. பதினைந்து நாள் முன்பே நோட்டீஸ் வந்திருக்கிறது. நன்றி என்று ஆரம்பித்த மெயில் என்பதால், நன்றிக்குத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று கதிரவன் மேலே படிக்காமல் பதில் நன்றி அனுப்பியிருக்கிறார். எங்கள் நாலு வருஷமும் உள்ளே இருந்தது. வெளியே மிச்சம் இருந்தது தலை திரும்பிய மயில்.

இப்போதாவது அவருக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். "பதினஞ்சு நாள் டைம் குடுத்திருக்காங்களே, அவங்க மேல இன்னா தப்பு?" என்றார். கதவைத் திறக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினார். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் ஒரு பதில் அனுப்பியது. "பாரு, ரெண்டு நிமிஷத்துல பதில் போட்டுட்டாங்க," என்றார்.

வேறு வழியில்லாமல் நானும் அவரும் ஆர்.கே.பேட்டைக்கு பஸ் ஏறினோம். வீரபத்திரனின் தறிக்கூடத்தில் பேசினால் காது கேட்கவே கேட்காது. அன்று மிக நன்றாகக் கேட்டது. தேவிப்பிரியா எங்களைக் குறை சொல்லவில்லை. லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள்.

"எல்லாம் இருக்குதுங்க. முதல் நாளு நீங்க எழுதுன வரியிலேர்ந்து இருக்குது. எடுத்துக்கங்க."

எடுக்கும் இடத்துக்கு மேலே ஒரு வரி எழுதியிருந்தாள். இதை எடுத்துக்கொள்கிறவர், கேட்கிற யாருக்கும் இதே போலக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

பதினாலு பக்கத்தை ஒரே இழுப்பில் இழுத்த கதிரவன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த ஒரு வரியைப் படித்தார். மறுபடி படித்தார். முகம் வாடிவிட்டது.

"இன்னாம்மா இது, கண்டிஷன் போட்டுக்கினு?"

"ஒரு வரிதானே அண்ணா."

"ஒரு வரியா இருந்தாலும்... கேக்கற யாருக்கும்னா, அந்தக் கம்பெனி வந்து கேட்டா?"

"ஆங், அவங்களுக்கும் குடுப்போம்."

"அப்புறம் அவங்ககிட்ட வேற யாருனா கேட்டா, அவங்களும் குடுக்கணுமா?"

"குடுக்கணும்."

"அது அவங்களக் கட்டாயப்படுத்தற மாதிரி ஆவாதாம்மா? அவங்களும் பொழைக்க..."

நின்றுபோன தறியில் சாய்ந்துகொண்டிருந்த வீரபத்திரன் நிமிர்ந்தார். "தம்பி, தெரியாமத்தான் கேக்கறேன்," என்றார். "அந்தக் கம்பெனிக்காரன் உனக்கு இன்னா மச்சானா, பாவா முறையா?"

கதிரவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாவுவை எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் தேவிப்பிரியாவே மயிலின் தலையைத் திருப்பிவிட்டாள்; நான்கு தறியும் ஓடி, கிருத்திகைக்குச் சேலைகள் மலை ஏறின. கிளம்பும்போது கதிரவன், "கம்பெனி டூலே இல்லன்னு ஆயிடுச்சி, உன்ன மறுபடி சேத்துக்கறதுல இனிமே பிரச்சன இல்லம்மா," என்று பெருந்தன்மையாகச் சொன்னார். "பாவு இனிமே இங்கதாண்ணா இருக்கும், நீங்க வேணா சேந்துக்கங்க," என்றாள். சேர்ந்துகொண்டோம். நான் முதலில்.

கதிரவன் இன்றும் கல்லூரிகளில் பேசுகிறார். தேவிப்பிரியாவைப் பற்றி உயர்வாகத்தான் சொல்கிறார். கூடவே ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்கிறார்: "நல்ல பொண்ணு. ஆனா கம்பெனி மாதிரி இல்ல. குடுக்கும்போதே ஒரு கண்டிஷன் போட்டுத்தான் குடுத்துச்சு."

இவ்வளவு தூரம் படித்த உங்களிடம் ஒரு சின்ன விசாரணை. நடுவில் எங்கேயாவது, 'கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்யும், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்தார்களே' என்று ஒரு நிமிஷம் உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கதிரவனாவது வாங்கிக்கொண்டு வாதாடினார். உங்களுக்கு அவர்கள் என்ன கொடுத்தார்கள்?