அசையாத இருநூற்று முப்பது

விளக்கு மறுபடியும் அணைந்தது. இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னும் சோதனையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள அடம் பிடிக்குது!"

சாப்பாட்டு மேசை மேல் கிடந்தது அவர் வடிவமைத்த பவர் சப்ளை. கரண்ட் தாறுமாறாக வரும் ஊர்களில் மருந்து ஃபிரிட்ஜுகளை ஓட்டவேண்டிய சாதனம். உள்ளே தொண்ணூறு வோல்ட் வந்தாலும் இருநூற்று எழுபது வந்தாலும், வெளியே பன்னிரண்டு வோல்ட் பிசகாமல் வரவேண்டும். வருகிறதா என்று காட்டத்தான் அதில் மாட்டியிருந்த அந்தச் சின்ன விளக்கு. சாயங்காலம் மேனேஜர் வீட்டுக்கே வந்து பார்க்கப்போகிறார். தேறாவிட்டால் வேலை ஆபீசில் அடுத்த மேசைக்காரனுக்குப் போய்விடும். அவன் இப்போதே இவரைப் பார்த்து அனுதாபமாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான், பாவி.

வோல்டேஜை வேண்டியபடி ஏற்றி இறக்கித் தரும் வேரியாக் என்கிற கனத்த பெட்டியை ஆபீசிலிருந்து தூக்கி வந்திருந்தார். அது உறுமிய உறுமலில் மனைவி அதை மாமனார் அறைக்கு நாடு கடத்திவிட்டாள்.

"அப்பாவுக்குக் காது மந்தம். அங்கயே கெடக்கட்டும்."

அங்கிருந்து மேசைக்கு ஒயர் இழுத்து, குமிழை இருநூற்று முப்பதில் வைத்துவிட்டு வந்தார். முதலில் ஒரே வோல்டேஜில் நிற்கட்டும், அப்புறம் ஏற்றி இறக்கலாம் என்பது திட்டம். அந்த ஒரே வோல்டேஜிலேயே நிற்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பெரிய கெபாசிட்டர் போட்டார். இந்தத் தடவை விளக்கோடு ஃபியூஸும் போயிற்று. பெரிய ஃபியூஸ் போட்டார். ஃபியூஸ் தாங்கியது, டிரான்சிஸ்டர் 'டப்'பென்று வெடித்துப் புகைந்தது.

"என்னங்க புகை?"

"ஒண்ணுமில்ல. யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"யோசிக்கறப்ப ஜன்னலைத் திறந்து வைங்க. அப்பா வேற வெக்கை தாங்கலைன்னு புரண்டுக்கிட்டே இருந்தார்."

"அந்த வேரியாக்கை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"இப்பதான் கண்ணசந்தார். உள்ள போய் உருட்டினீங்க, நடக்கறதே வேற!"

தன் கையால் வைத்த குமிழுக்குக் கால் முளைத்தா ஓடிவிடும் என்று விட்டுவிட்டார்.

கோபம் வந்துவிட்டது. இரண்டு மடங்கு தாங்கும் டிரான்சிஸ்டரைப் போட்டார். சுருளைப் பிரித்துத் தடித்த கம்பியால் மறுபடி சுற்றினார். இருந்ததையெல்லாம் பெரிசாக்கியதில் பெட்டியின் மூடி மூட மறுத்தது. சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து வந்தார்.

"அதுல மாவு இருந்துச்சே?"

"இப்ப இல்ல."

ஒருவழியாக விளக்கு நின்று எரிந்தது. மினுக்கக்கூட இல்லை. ஏற்றி இறக்கிப் பார்க்கலாம் என்று எழுந்தபோது காலிங் பெல் அடித்தது.

மேனேஜர் டப்பாவை முகர்ந்து பார்த்தார். "மாவு வாசனை வருதே. தாங்குமாய்யா?"

"சார், உண்மையைச் சொல்லிடறேன். இதுவரைக்கும் இருநூத்தி முப்பதுல மட்டும்தான்..."

"பேச்செல்லாம் அப்புறம். வேரியாக் எங்க?"

விறுவிறுவென்று அறைக்குள் போனவர், கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாமனாரைத் தாண்டிக் குமிழைப் பிடித்தார். இன்ஜினியர் வாசற்படியில் நின்று, ஒற்றைக் கண்ணால் மேசை விளக்கைப் பார்த்தார். இன்னொரு கண்ணைத் திறக்கத் தைரியம் இல்லை.

"தொண்ணூறு. எரியுதா?"

"எரியுது சார்."

"இருநூத்தி எழுபது. இப்ப?"

"எரியுது சார்!"

மேனேஜர் குமிழை மேலும் கீழும் வெடுக் வெடுக்கென்று திருகினார். விளக்கு அசைந்துகொடுக்கவில்லை. இன்ஜினியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

"பிரமாதம்யா! வேலை உனக்குத்தான். ஆமா, ஒரே வோல்டேஜ்ல வச்சுப் பாத்ததா இந்தத் தாங்கு தாங்குது?"

"அதான் சார் எனக்கும் புரியல."

சத்தத்தில் மாமனார் விழித்துக்கொண்டார். முகத்து வியர்வையைத் துண்டால் துடைத்தபடி, குமிழும் கையுமாக நின்ற மேனேஜரை இரக்கத்தோடு பார்த்தார்.

"அதைத் திருகிப் பிரயோஜனமே இல்ல தம்பி. மத்தியானம் பூரா நானும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமா திருகிப் பாத்துட்டேன், ஃபேன் வேகம் ஏறவே மாட்டேங்குது!"