இவரின் பேர் வெட்டிய செங்கல்

இதைப் பிழையாய்ச் சொல்லிவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதோடு, இவரின் பேரை வாயால் சொல்லாதவள். புருஷன் பேரல்லவா? அந்தப் பேரால்தான் இவ்வளவு கூத்தும்.

எழுபத்தெட்டாம் ஆண்டில், வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய பரமட்டாவில் ஒரு பழைய பூங்காவுக்குச் செங்கல் நடைபாதை போட்டார்கள். நன்கொடை கொடுப்பவரின் பேரை ஒரு கல்லில் வெட்டுவார்களாம். இவர் என்னைக் கேளாமலே கொடுத்துவிட்டு வந்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"இஞ்சேரும், இன்னும் நூறு வருஷத்துக்கு வெள்ளைக்காரன் என்ரை பேரைப் பாப்பான்!"

"கல்லை எங்கை வைக்கிறாங்கள்? சுவரிலையோ?"

"நடைபாதையிலை."

"அப்ப பாக்கமாட்டாங்கள். மிதிப்பாங்கள்."

"விசர்க்கதை கதையாதையும்!"

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். இவருக்கு வைத்தது சிவன் பேர். அதன்மேல் ஒரு தடித்த மனிதர் சப்பாத்தோடு நின்று ஐஸ்கிறீம் தின்றார். அவர் விலக, ஒரு நாய் வந்து காலைத் தூக்கியது.

நான் குடையோடு ஓடினேன். "நோ! நோ! மை ஹஸ்பண்ட்!"

நாய்க்காரி என்னைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். பிறகு நாயைப் பார்த்தாள். முழுப் பூங்காவும் திரும்பியது. நிலம் பிளந்தால் அந்தச் செங்கல்லோடேயே உள்ளே போயிருப்பேன்.

"மானத்தை வாங்கிப்போட்டீர்!"

"நானோ? நாயோ?"

"வாயை மூடும். வாற ஞாயிறு என்ரை கூட்டாளி மகேந்திரராஜாவைக் குடும்பத்தோடை கூட்டிவந்து காட்டப்போறன்."

இவருக்குப் போன மாதம்தான் நெஞ்சுநோ வந்து மாறியது. அந்த உயிரின் பேரை ஊரே மிதித்தால் என் தாலி என்னாகும்? புதன்கிழமை தோசைக்கரண்டியோடு ரெயில் ஏறினேன். கல் மணலில்தான் இருந்தது. கிளப்பி, பேர் நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்துவிட்டேன். தோட்டக்காரர் வந்து எதைத் தொலைத்தாய் என்றார். "ரிங்" என்றேன். பாவம், அவரும் முழங்காலில் இருந்து என்னோடு தேடினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு இவர் குனிந்தபடி பாதை முழுக்க நடந்தார். "இஞ்சைதான் இருந்தது!"

மகேந்திரராஜாவின் மனைவி சந்திரவதனா சிரித்தாள். "அண்ணை, உண்மையாக் காசு குடுத்தனீங்களோ, இல்லாட்டிக் கனவு கண்டனீங்களோ?"

இவரின் காது சிவந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஆரோ களவெடுத்திட்டாங்கள்," என்றார் இவர். "நாளைக்கே போன் பண்ணிப் புதுக்கல்லுக் கேக்கிறன். இதைவிடப் பெரிசா!"

கேட்டார். பூங்காக்காரரும் சம்மதித்தார்கள். செவ்வாய்க்கிழமை இவர் வேலைக்குப் போனபின் போன் அடித்தது. புதுக்கல்லில் என்ன பேர் வெட்டவேண்டுமாம்.

புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது.

"மகேந்திரராஜா," என்றேன்.